கண்டியில் வேலையும் அடையாளமும்: முக்கியக் குறிப்புகள்

நிர்வாக சேவை, ஆசிரியர் சேவை, முகாமைத்துவ சேவைப் பரீட்சைகளுக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கையருக்காக எழுதப்பட்டவை இவை. இனமும் வேலைவாய்ப்பும் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகளில் பலர் 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தையும் பல்கலைக்கழகத் தரப்படுத்தலையும் எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடுகிறார்கள். அவை அவசியம், ஆனால் போதாது. சட்டம் எட்டிப் பார்க்காத இடங்களிலும் ஒருவருடைய பெயரும் முகவரியும் அவருக்குத் தெரிந்த ஆட்களும் சேர்ந்து அவருடைய தொழிலைத் தீர்மானிப்பதைக் கண்டி மாவட்டத்தில் தெளிவாகப் பார்க்கலாம். இக்குறிப்புகள் முழுவதற்கும் அடிப்படையான கருத்து இது: உறவு வேலை வாங்கித் தரும், ஆனால் தன்னிடம் எந்த வேலை இருக்கிறதோ அதைத்தான் தரும்.

சனத்தொகை

• 2012 கணக்கெடுப்பின்படி கண்டி மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 13.75 இலட்சம். சிங்களவர் ஏறத்தாழ 74%, சோனகர் 14%, இந்தியத் தமிழராகப் பதியப்பட்டோர் 6%, இலங்கைத் தமிழர் 5%. மலையகத்தவர் பலர் தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொள்வதால், கடைசி இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

• மத்திய மாகாணம்: கண்டி, மாத்தளை, நுவரெலியா. மாகாணத் தலைநகர் கண்டி.

இராச்சியக் காலம்

• கண்டி இராச்சியத்தில் தொழில் பிறப்போடும் நிலத்தோடும் கட்டப்பட்டிருந்தது. நிலத்தை அனுபவிப்பவர் தம் குலத்துக்கு விதிக்கப்பட்ட சேவையை அரசனுக்குச் செய்ய வேண்டும். இதுவே இராஜகாரியம். தொழில்வாரியான பிரிவுகள் 'பத்த' எனப்பட்டன.

• பொதிமாடுகளைக் கொண்டு சரக்கு ஏற்றி இறக்கும் 'மடிகே பத்த' பிரிவில் முஸ்லிம்கள் பெருமளவில் சேவை செய்தார்கள். கண்டிப் பகுதி முஸ்லிம்களுக்கும் வணிகத்துக்குமான தொடர்பு பிரித்தானியருக்கு முந்தியது என்பதற்கு இது சான்று. போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைச் செனரத் மன்னன் (1604–1635) தன் ஆட்சிப் பகுதியில் குடியமர்த்தியதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

• கண்டி உடன்படிக்கை: 1815 மார்ச் 2. கோல்புரூக்–கமரூன் சீர்திருத்தத்தோடு இராஜகாரியம் ஒழிந்தது 1832–33இல்.

• முற்றாக ஒழிந்ததா? இல்லை. விகாரை, தேவாலயக் காணிகளில் சேவைக் கடமை தொடர்ந்தது. 1870ஆம் ஆண்டின் சேவைக் காணிக் கட்டளைச் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. தலதா பெரஹராவில் மேளமும் நடனமும் குறித்த குடும்பங்களின் பரம்பரைக் கடமையாக இன்றும் நிலவுவதன் வேர் இங்கே இருக்கிறது. சிங்களக் குடும்பப் பெயரான 'கே' பெயரிலிருந்து சாதியை ஊகிக்க முடிவதால், பெயரை மாற்றிக்கொண்டு பத்திரிகையில் அறிவித்தல் போடுவோர் அச்சமூகத்திலும் உண்டு. அடையாளச் சுமை தமிழர் மீது மட்டும்தான் இருக்கிறது என்று எழுதும் விடை அரைகுறையானது.

தோட்டமும் கங்காணியும்

• 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். கோப்பி இலை நோய் பரவத் தொடங்கியது 1869இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867இல், ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டுவிட்டார். கண்டிக்கு ரயில் வந்ததும் அதே 1867தான். இந்த ஆண்டுகளைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

• 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் (இலக்கம் 12) கண்டியச் சிங்களக் கிராமத்தவரின் காட்டு நிலத்தையும் சேனை நிலத்தையும் பறித்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுடைய நிலையை ஆராய்ந்ததே கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு. அதன் அறிக்கை 1951இல் வந்தது. தோட்டத்து லயத்துக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் இடையிலான பகைமையை விளக்க இந்த இரண்டு ஆண்டுகளும் தேவைப்படும்.

• ஆள் சேர்ப்பு: திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணி மூலம். கங்காணி தன் ஊர், தன் சொந்தம், தன்னை அண்டியிருந்த குடும்பங்கள் என்று திரட்டி வந்தார். பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். வேலைக்கு ஆள் தந்தவரும், முன்பணம் கொடுத்தவரும், சம்பளத்திலிருந்து கழித்தவரும், லயத்தில் சண்டை தீர்த்தவரும் அவரேதான்.

• துண்டு முறை: தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாக ஒரு தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு 'துண்டு'. அது இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் சேர முடியாது. ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் கடன் கூடியது. ஒழிக்கப்பட்டது 1921இல். அதற்காகப் பாடுபட்டவர்களில் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் பெரி. சுந்தரமும் முக்கியமானவர்கள்; அவர்கள் பங்கெடுத்த இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் 1919இல் அமைந்தது.

• பெரி. சுந்தரம்: கண்டி மாவட்டத்தின் மடுல்கலைப் பகுதியில் பிறந்தவர், கண்டி திருத்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் கற்றவர், 1931 அரசுப் பேரவையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். தோட்டத்தில் பிறந்தவரையும் நல்ல பாடசாலை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அவர் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்தப் பாடசாலை வாசல் அக்காலத்தில் எத்தனை தோட்டப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்தது என்ற கேள்வியையும் அதே விடையில் எழுப்புங்கள்.

• கங்காணி முறையை வெறும் சுரண்டலாக மட்டும் எழுதாதீர்கள். தெரியாத நாட்டுக்குப் புறப்பட்ட குடும்பத்துக்கு அந்தச் சொந்தக்காரரே ஒரே பிடிமானம். ஆனால் அவர் காட்டிய வழி ஒன்றே ஒன்றுதான், அது கொழுந்து மலைக்குப் போகும் வழி. தந்தையின் பெயர் இருந்த செக்ரோலில் (தோட்டத்து வேலையாட் பதிவேட்டில்) மகனின் பெயரும் ஏறியது. நான்கைந்து தலைமுறைக்கு அதுவே நீடித்தது.

• 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்குரிமை 1949இல் போயிற்று. ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்தன. எஞ்சிய சிக்கலைத் தீர்த்த சட்டங்கள் 1988, 2003. அரச வேலைக்குக் குடியுரிமை கட்டாயம். ஆகவே அரச துறை வளர்ந்த அந்தப் பல பத்தாண்டுகளில், நாடற்றிருந்தவர்கள் விண்ணப்பப் படிவத்தைத் தொடக்கூட முடியவில்லை. இன்றைக்கும் ஒரு லயத்தில் "எங்கட மாமா கச்சேரியில இருக்கிறார்" என்று சொல்லக்கூடிய பிள்ளை அரிதாக இருப்பதற்குக் காரணம் அந்தக் காலம். கெட்டித்தனத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

• இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசிடம் வந்தது 1970களில்தான்.

• சம்பளம்: 2021இல் நாளொன்றுக்கு 1,000 ரூபா, 2024இல் அடிப்படை 1,350 ரூபா. இளையோர் தோட்டத்தை விட்டு வெளியேறுவதற்கு இந்த எண்களே விளக்கம். அவர்கள் எங்கே போகிறார்கள்? முன்னே போன அண்ணன் நிற்கிற கடைக்கு, அக்கா தைக்கிற ஆடைத் தொழிற்சாலைக்கு. பல்லேகலையில் கைத்தொழில் வலயம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே மேற்பார்வை வேலைக்குச் சொல்லிவிட ஆள் இல்லை.

• முகவரி: லயத்துக்குத் தனி இலக்கமோ வீதிப் பெயரோ பெரும்பாலும் கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு மொத்தமாக வந்து அங்கிருந்துதான் கைக்கு வர வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து கிடைத்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? வறுமைக் குறிகாட்டிகளில் இது இடம்பெறுவதில்லை. கட்டுரையில் நீங்கள் இடம் கொடுங்கள்.

மஹய்யாவை

• கண்டி மாநகர சபை 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்தது. நகரத்தைத் துப்புரவாக வைத்திருக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அருந்ததியர் குடும்பங்களின் சந்ததியினர் நகருக்குள்ளேயே, மஹய்யாவைக் குடியிருப்பில் வாழ்கிறார்கள்.

• பேராதனைப் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் காலிங்க டியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் இலங்கையின் மறைமுகச் சாதிப் பாகுபாடு பற்றி 2009இல் வெளியிட்ட நூலில் கண்டி நகரமும் ஆராயப்பட்டது. சிங்களவர், இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர் ஆகிய மூன்று சமூகங்களிலும் சாதி வெளியே பேசப்படாமல் உள்ளே இயங்குகிறது என்பது அந்த நூலின் சாரம்.

• இக்குறிப்புகளின் மையம் இந்த இடம்தான். மஹய்யாவையில் உறவு பலமாக இருக்கிறது. ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் வீட்டுப் பிள்ளைக்கு மாநகர சபைச் சுத்திகரிப்பு வேலை கிடைக்கும் வாய்ப்பு உண்டு. நிரந்தரச் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் சேர்ந்த வேலை அது. நகரத்தின் ஆரோக்கியத்தைத் தாங்குகிற, மதிப்புக்குரிய தொழில். ஆனால் அதே பிள்ளை க.பொ.த. உயர் தரம் சித்தியடைந்து ஒரு கடையிலோ காரியாலயத்திலோ வேலை கேட்கும்போது, விண்ணப்பத்தில் எழுதிய ஊர்ப் பெயரே அவரைப் பற்றி எல்லாம் சொல்லிவிடுகிறது. ஆகவே உறவினர் முகவரியைக் கொடுக்கும் நிலை வருகிறது. சாதிப் பெயரை எவரும் உச்சரிக்கவில்லை. மறுப்புக் கடிதத்தில் அது இல்லை. முறைப்பாடு செய்ய ஆதாரமும் இல்லை.

• இதற்குத் தமிழ்ச் சமூகம் பதில் சொல்ல வேண்டும். சிங்களப் பெரும்பான்மையிடம் நீதி கேட்கும் நாம், நம் கடைகளிலும் நம் கோவில் சபைகளிலும் மஹய்யாவைப் பிள்ளைக்கு என்ன இடம் கொடுத்திருக்கிறோம்? பரீட்சகர் எந்த இனத்தவராக இருந்தாலும், இந்தக் கேள்வியை நேர்மையாக எழுப்பும் விடையை மதிப்பார் என்று நம்புகிறேன்.

வணிகமும் வன்முறையும்

• அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை ஆகியன முஸ்லிம் வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர்கள். மாமாவின் கடையில் நின்று தொழில் பழகி, அவருடைய நம்பிக்கையில் சரக்குக் கடன் எடுத்துத் தனிக்கடை போடுவது அங்குள்ள வழி. அரச வேலையை எதிர்பாராமல் ஒரு சமூகம் தன் பிள்ளைகளை நிலைநிறுத்த இது உதவியது. சொந்தத்தில் கடை இல்லாத முஸ்லிம் பிள்ளை அதே ஊரில் தனித்து நிற்பதையும் காணலாம்.

• 1915 மே மாதக் கலவரம் வெசாக் காலத்தில் கண்டியில் தொடங்கியது. கம்பளைப் பெரஹரா வழக்கு அதன் பின்னணி. மதக் காரணத்தோடு வணிகப் போட்டியும் கலந்திருந்தது.

• 2018 மார்ச்: திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனம். சமூக ஊடகங்கள் தற்காலிகமாக முடக்கப்பட்டன. எரிந்த ஒவ்வொரு கடையோடும் அதில் வேலை செய்த எல்லா இன இளைஞருடைய சம்பளமும் போனது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் முஸ்லிம் கடைகளுக்கு எதிராக வந்த புறக்கணிப்பு அதே காயத்தை மீண்டும் கிளறியது.

பாடசாலை, பழைய மாணவர், மாவட்டக் கோட்டா

• திருத்துவக் கல்லூரி 1872, தர்மராஜ 1887, கிங்ஸ்வூட் 1891, மகாமாய 1932. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரி 1854.

• பழைய மாணவர் சங்கம் என்பது கண்டியில் ஒரு வேலைவாய்ப்பு வழி. வங்கி, காப்புறுதி, ஹோட்டல், தோட்டத் துரைமார் வேலை ஆகியவற்றில் கிரிக்கெட்டும் றக்பியும் நேர்முகத்துக்கு முந்திய அறிமுகமாக இருந்தன.

• பல்கலைக்கழக அனுமதியில் 40% தேசியத் திறமை, 55% மாவட்டம், 5% பின்தங்கிய மாவட்டங்கள். நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உண்டு, கண்டி இல்லை. விளைவைக் கவனியுங்கள்: தெல்தோட்டை, கலஹா, புஸ்ஸல்லாவைத் தோட்டப் பிள்ளை கண்டி நகரின் பெரிய கல்லூரிப் பிள்ளையோடு ஒரே வரிசையில் போட்டியிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம், நுவரெலியா மாவட்டத்தில் பிறந்திருந்தால் அதே புள்ளிக்குப் பீடம் கிடைத்திருக்கலாம். மாவட்டச் சராசரி வறியவரை மறைக்கும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான எடுத்துக்காட்டு வேண்டாம்.

ஆய்வுகள்: பெயரும் ஆண்டும்

• மார்க் கிரனோவெட்டர், 1973: 'வலுக்குறைந்த பிணைப்புகளின் வலிமை'. அமெரிக்காவின் நியூட்டன் நகரில் அவர் ஆராய்ந்தவர்களில் சுமார் 56% பேர் தெரிந்தவர் மூலமே வேலை பெற்றிருந்தார்கள். அப்படிப் பெற்றவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது காணும் பழக்கமே. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம்தான் புதுச் செய்தி கொண்டுவரும்.

• 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த, லிங்க்ட்இன் தளத்தின் இரண்டு கோடிப் பயனர்களைக் கொண்ட பரிசோதனை இக்கருத்தைப் பெரும்பாலும் உறுதிசெய்தது.

• ரொபர்ட் புட்னம்: இணைக்கும் மூலதனம் தன் கூட்டத்துக்குள், பாலமிடும் மூலதனம் கூட்டங்களுக்கு இடையே. மஹய்யாவையிலும் லயத்திலும் முதலாவது நிறைய உண்டு, இரண்டாவது இல்லை.

• பெட்ரண்ட், முல்லைநாதன், 2004: பொஸ்டன், சிக்காகோ நகரங்களில் சுமார் 5,000 போலி விண்ணப்பங்கள். தகைமை ஒத்திருந்தும் வெள்ளையர் பெயருக்கு 50% கூடுதலான அழைப்பு.

• சுகதேவ் தோரட், போல் அட்டவெல், 2007: இந்தியத் தனியார் துறைக்கு 4,808 விண்ணப்பங்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

சட்டம்

• அரசியலமைப்பின் உறுப்புரை 12(2): இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது. சாதி பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளது.

• உறுப்புரை 14(1)(எ) அல்லது (ஏ) என்று வரிசை எழுத்தில் தடுமாறாதீர்கள்; தொழில் செய்யும் சுதந்திரம் உறுப்புரை 14இல் என்று எழுதினால் போதும்.

• உறுப்புரை 126: அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் (1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம்) முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. பரீட்சைக்கு மட்டுமல்ல, வாழ்க்கைக்கும் தேவையான குறிப்பு இது.

• உறுப்புரை 126இன் வழக்கு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயலுக்கு எதிரானது. தனியார் முதலாளி பெயரைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கினால் இவ்வழக்குத் தொடர முடியாது. சர்வதேசத் தொழில் அமைப்பின் 111ஆம் சமவாயத்தை (1958) இலங்கை 1998இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் தனியார் துறையின் ஆட்சேர்ப்பில் இன, சாதிப் பாகுபாட்டை நேரடியாகத் தடுக்கும் விரிவான சட்டம் இன்னும் வரவில்லை. இது வர வேண்டும். தீர்வு கேட்கும் வினாவுக்கு முதலில் எழுத வேண்டியதும் இதுவே.

• மொழி: 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் திருத்தம் 1987, 16ஆம் திருத்தம் 1988. உறுப்புரை 18(2): தமிழும் அரசகரும மொழி. உறுப்புரை 22(5): அரச சேவைக்கான பரீட்சையைத் தமிழில் எழுதும் உரிமை. அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991. பொது நிர்வாகச் சுற்றறிக்கை 7/2007: 2007 ஜூலை 1 முதல் சேர்வோர் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும்.

சிபாரிசுக் கடிதம்

• 1971 ஏப்ரல் கிளர்ச்சி நடந்த அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் அமைப்பின் அறிக்கை படித்தோர் வேலையின்மையை ஆராய்ந்தது. 1970களில் எம்.பி.யின் கடிதமும், 1977க்குப் பின் வேலை வங்கியும் அரசியல் தொடர்பை ஒரு தகைமையாக்கின. 1990இல் வந்த இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு அறிக்கை, இளைஞரின் கோபத்துக்கு இந்த அரசியல் தலையீட்டை ஒரு முக்கிய காரணமாகக் காட்டியது. கிளர்ந்தெழுந்தவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள். ஆள் பிடித்துத்தான் வேலை எடுக்க முடியும் என்ற நிலை எல்லா இனத்து ஏழைகளையும் அடித்தது.

• திறந்த போட்டிப் பரீட்சை இதனால்தான் பெரிது. அங்கே விடைத்தாளில் சுட்டெண் மட்டுமே. பெயர், ஊர், தகப்பன் தொழில் எதுவும் இல்லை. இலங்கை நிர்வாக சேவை 1963 மே 1இல் தொடங்கியது என்று மனப்பாடம் செய்யும்போது, அந்தச் சுட்டெண்ணின் மதிப்பையும் நினையுங்கள். நேர்முகப் பரீட்சையில் பெயர் திரும்பி வந்துவிடுகிறது. அங்கே புள்ளித்திட்டம் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

தம்பி, தங்கை, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை வரும் வர்த்தமானியை நீங்கள் பார்ப்பீர்கள். அதில் வரும் ஆட்சேர்ப்பு அறிவித்தலை, முடிவுத் திகதியோடும் தேவையான சான்றிதழ்களின் பட்டியலோடும், உங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு தோட்டத்து வாசிகசாலைக்கும் மஹய்யாவைக்கும் அனுப்பிவையுங்கள். நாளை நியமனம் பெற்றுக் கச்சேரியில் உட்கார்ந்த பிறகும் இதை விடாதீர்கள்.